வளையம் இருக்கிறது, எடை இறங்கவில்லை

சென்ற இதழில் கேஸ்ட்ரிக் பேண்ட் (இரைப்பை வளைய) ஆபரேஷன் முடிந்த முதல் ஆண்டைப் பற்றிப் பேசினோம். பெரும்பாலோருக்கு அது நல்ல ஆண்டு. வாரத்துக்கு அரை கிலோ, சில வாரம் ஒரு கிலோ என்று எடை இறங்கும். பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பார்கள். ரங்கநாதன் தெருவில் சுடிதார் வாங்கும்போது ஒரு சைஸ் குறைத்துக் கேட்பார்கள். இந்த இதழில் அதற்கு அடுத்து வரும் காலத்துக்கு வருவோம். வளையம் வயிற்றில் அப்படியே இருக்கிறது, தட்டில் விழும் சாப்பாடும் முன்பிருந்ததில் பாதிதான், ஆனால் மாதக்கணக்கில் எடை அதே இடத்தில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த அடையாறுப் பெண்மணி ஒருவரிடம், டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? போனா என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பாங்க. வெக்கமா இருக்கு" என்றார். வீட்டில் அவருக்கு வேறு விதமான கேள்வி. கல்யாண மண்டபத்தில் ஒரு சித்தி எல்லார் முன்னாலும், "ஏம்மா, அவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் அப்படியேதானே இருக்கே?" என்று கேட்டுவிட்டாராம். அன்று இரவு அவர் அழுதிருக்கிறார். இந்த வெட்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். ஸ்வீடனில் 1987இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. 2007இல் அதன் முடிவுகள் வந்தன. வளையம் போட்டவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 20 சதவீத எடை இழந்திருந்தார்கள். பத்தாவது ஆண்டில் அது 14 சதவீதமாக நின்றது. அதாவது 100 கிலோவில் தொடங்கியவர் 80க்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறி 86இல் நிலைத்திருக்கிறார். கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் 32 சதவீதம் இறங்கி, 25இல் நின்றார்கள். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் இறக்கம் ஒரு கட்டத்தில் நிற்கிறது, கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் அந்த ஆய்வில் இருந்த பலரும் ஏதோ ஒரு மாதத்தில் நின்றிருக்கிறார்கள். அப்படி நின்றவர்களையும் சேர்த்துத்தான் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு அபாயம் 29 சதவீதம் குறைவாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

நிற்பதற்குக் காரணம் உடம்பின் தற்காப்பு. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. 100 கிலோ உடம்பு மூன்று மாடி ஏறச் செலவழிப்பதை 85 கிலோ உடம்பு செலவழிக்காது. இதை எதிர்பார்க்கலாம். ஆனால் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும் 1995இல் காட்டியது, கணக்குப்படி குறைய வேண்டியதைவிடவும் கூடுதலாக உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பதை. பசியும் சும்மா இருப்பதில்லை. மெல்போர்னில் உணவைக் குறைத்து எடை இழந்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோது, பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. இது 2011இல் வெளியானது. உணவுப் பஞ்சம் வந்துவிட்டதாகவே உடம்பு நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைராக்கியத்தால் மட்டும் மாற்ற முடியாது.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பதால், பசி ஹார்மோனான கிரெலினைச் சுரக்கும் மேற்பகுதியும் போய்விடுகிறது. வளையத்தில் எதையும் வெட்டுவதில்லை. கிரெலின் சுரக்கும் இடம் அப்படியே இருக்கிறது. இதுதான் வளையத்தின் நன்மை, இதுதான் அதன் குறையும்.

எத்தியோப்பியாவில் பிறந்த மிதிகு பெலாச்யூ என்ற அறுவை நிபுணர், பெல்ஜியத்தின் ஹூய் என்ற ஊரில் 1993 செப்டம்பரில் லேப்ராஸ்கோப்பி வழியாக முதன்முதலில் இந்த வளையத்தைப் பொருத்தினார். அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது. 2011 வாக்கில் அங்கே நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வளையம்தான். 2018இல் அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்று சென்னையிலும் புதிதாக வருபவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் ஸ்லீவையோ பைபாஸையோதான் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே வளையம் போட்டவர்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அதோடுதானே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்? அவர்களைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வளையம் எப்படி வேலை செய்கிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது வாசலில் போட்ட தடுப்பு என்று நினைக்கிறார்கள். இரைப்பையின் மேல்முனையைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையம். அதற்கு மேலே இரண்டு மேசைக்கரண்டி கொள்ளுமளவுக்குக்கூட இல்லாத சிறு பை. வளையத்திலிருந்து ஒரு குழாய் வந்து வயிற்றுத் தோலுக்கடியில் உள்ள போர்ட்டில் முடிகிறது. அதில் ஊசி போட்டு சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். நன்றாக மென்ற கவளம் ஒவ்வொன்றும் வளையத்தைத் தாண்டும்போது அங்கே ஏற்படும் அழுத்தத்தை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. 'போதும்' என்ற உணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது மெல்போர்னின் பால் ஓ'பிரையன் குழுவினரின் விளக்கம். அப்படியானால் அழுத்தம் கொடுக்கக்கூடிய கெட்டியான உணவு இருந்தால்தான் வளையத்துக்கு வேலை. குழைவாக, வழுக்கிக்கொண்டு போகும் உணவுக்கு அது இருப்பதே தெரியாது.

இப்போது நம் அடுப்படிக்கு வாருங்கள். ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்தால்தான் நமக்கு ரசஞ்சாதம். தயிர்சாதம் பாலும் வெண்ணெயும் விட்டு மசிந்திருக்க வேண்டும். வெண்பொங்கலில் நெய் மிதக்க வேண்டும். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுப் பழகிய நகரம் இது. பாயசம், பாதாம் பால், மாலையில் சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி, குல்ஃபி. எல்லாமே வளையத்தை அலுங்காமல் தாண்டும் பண்டங்கள். முறுக்கும் மிக்சரும்கூட வாயில் போட்டால் பொடியாகி இறங்கிவிடும்.

இதில் கொடுமை, நல்லதென்று நினைத்து ஆரம்பிப்பவைதான் முதலில் மாட்டிக்கொள்கின்றன. சப்பாத்தி நெஞ்சில் அடைக்கும். உதிரியான சோறு உருண்டை கட்டி நிற்கும். நார்ப்பிடிப்பான பீன்ஸும் கோழியும் எதுக்களிக்கும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஓங்கரிப்பு வந்து, எழுந்து ஓடிய அவமானம் ஒருமுறை நேர்ந்துவிட்டால் போதும், அடுத்த நாள் டப்பாவில் தயிர்சாதம் வந்துவிடும். பிறகு தினமும் அதுதான். பருப்பு சாதத்துக்கு இன்னும் கொஞ்சம் நெய். அம்மாவும் மாமியாரும் பரிதாபப்பட்டு, "ஒண்ணுமே இறங்கலையே, இதையாவது குடிம்மா" என்று ஹார்லிக்ஸ் கலந்து நீட்டுவார்கள். தட்டு சிறியதாகத்தான் இருக்கிறது, கலோரி பழையபடி ஏறிவிட்டது, புரதம் காணாமல் போய்விட்டது. இதைத் திருட்டுத் தீனி என்று சொல்வது அநியாயம். வலிக்காத உணவைத் தேடிப் போவது எந்த மனித உடம்பும் செய்வதுதான்.

இங்கேதான் இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. எடை நிற்கிறதே என்று, "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க டாக்டர்" என்று கேட்கிறோம். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் வளையத்தை மேலும் இறுக்கினால் கெட்டியானது எதுவும் இறங்காது. குழைவானதும் இனிப்பும் மட்டுமே இறங்கும். எடை ஏறும். இரவில் படுத்தால் இருமல், நெஞ்செரிச்சல், தலையணையில் புளித்த நீர், இவையெல்லாம் வளையம் மிகவும் இறுகிவிட்டதன் அறிகுறிகள். அப்போது கொஞ்சம் சலைனை வெளியே எடுப்பதுதான் மருந்து. தளர்த்தினால் எடை ஏறிவிடும் என்ற பயம் இயல்பானது, ஆனால் தளர்த்திய பிறகுதான் பலரால் மறுபடியும் சுண்டலையும் முட்டையையும் மென்று விழுங்க முடிகிறது.

சைவ வீடுகளுக்குப் புரதம்தான் சிக்கல். ஆபரேஷனுக்குப் பிறகு நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும் என்று டயட்டீஷியன்கள் சொல்கிறார்கள் (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டே அளவை முடிவுசெய்ய வேண்டும்). இரண்டு இட்லியில் 4 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். நூறு கிராம் பனீரில் 18 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8 அல்லது 9 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். நவராத்திரியில் மட்டும் வீட்டுக்கு வரும் சுண்டலை ஆண்டு முழுக்கத் தட்டில் முதல் இடத்தில் வைக்கலாம். முதலில் சுண்டலோ பனீரோ மீனோ, அடுத்து கூட்டும் பொரியலும், மிச்சம் இடமிருந்தால் சோறு. கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னை மக்களின் உணவை ஆராய்ந்தபோது, கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வருவதைக் கண்டது. அந்தப் பாதியை அசைக்காமல் வளையம் ஒன்றும் செய்ய முடியாது. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி கழித்துக் குடிக்கலாம். தண்ணீர் கவளத்தை அடித்துக்கொண்டு போய்விடும், போதும் என்ற உணர்வு வராது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஆதாரம் உண்டு. நியூயார்க்கில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வளையம் போட்டு முதல் ஆண்டில் ஆறு முறைக்கு மேல் டாக்டரிடம் திரும்பி வந்தவர்கள் தங்கள் மிகை எடையில் (மொத்த எடையில் அல்ல, உயரத்துக்கேற்ற எடைக்கு மேல் இருப்பதில்) 50 சதவீதம் இழந்தார்கள். குறைவாக வந்தவர்கள் 42 சதவீதம். பைபாஸில் அந்த வித்தியாசம் இல்லை. இன்னும் நீண்ட கணக்கும் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் 1990களில் வளையம் போட்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, பரிசோதனைக்குக் கிடைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையத்தையே எடுக்க வேண்டியிருந்தது. மெல்போர்னிலோ பதினைந்து ஆண்டு கழித்தும் மிகை எடையில் 47 சதவீதக் குறைவு நீடித்தது. அங்கும் பலருக்கு இடையில் திருத்த ஆபரேஷன் தேவைப்பட்டது, அதை மறைக்க வேண்டாம். பொருத்தும் நுட்பம் மேம்பட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் விடாமல் பின்தொடர்ந்து கவனித்ததே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

திரும்பிப் போனால் என்ன செய்வார்கள்? போர்ட்டில் எவ்வளவு சலைன் இருக்கிறது என்று பார்ப்பார்கள், ஒருவேளை கசிந்திருக்கலாம். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் வளையம் நழுவியதா, மேலே உள்ள பை விரிந்துவிட்டதா என்று தெரியும். தைராய்டு பார்க்க வேண்டும். இன்சுலினும் ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும் என்பதால், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எடைக் குறைப்பு ஊசிகளான மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆபரேஷனுக்குப் பின் நின்றுபோன எடைக்கு இந்த ஊசிகளையும் டாக்டர்கள் இப்போது யோசிக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஆனால் டாக்டர் எழுதிக்கொடுக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர்கூட இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். வளையம் நழுவியிருக்கக்கூடும். வாந்தி நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்புகள் பாதிக்கப்படும் ஆபத்தும் உண்டு. போர்ட் இருக்கும் இடம் சிவந்து வலித்தாலும், திடீரென்று எவ்வளவு சாப்பிட்டாலும் வளையமே இல்லாததுபோல் தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது.

நடை போதுமா என்று கேட்பவர்களுக்கு: நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் நடப்பது எனக்கும் பிடித்தது, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் இழந்த கிலோக்களோடு தசையும் போயிருக்கும். வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ சிறு எடை தூக்குவதோ சேர்ந்தால்தான் தசை மீளும். எடை பார்ப்பது வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். கூடவே இடுப்புச் சுற்றளவு, எச்பிஏ1சி, ரத்த அழுத்தம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எடை நகராத மாதங்களில் இந்த எண்கள் நகர்ந்திருப்பது உண்டு. டாக்டர் முன் உட்காரும்போது அந்த நோட்டைத் திறந்து வையுங்கள்.

வளையத்தை எடுத்துவிட்டு ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோ மாறுவது யாருக்குப் பொருந்தும், இரண்டாவது ஆபரேஷனில் ஆபத்து ஏன் கூடுதல், அதற்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்குமா என்பதை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)