மேசனைக் கூப்பிடுவதற்கு முன்: பழைய யாழ்ப்பாண வீட்டைத் திருத்தப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரு பழைய வீட்டின் முன்னால் மணலும் கல்லும் குவிந்திருக்கும் காலம் இது. ஓட்டைக் கழற்றிவிட்டுப் பிளாற் அடிக்கிறார்கள். விறாந்தையை அடைத்து அறையாக்குகிறார்கள். முற்றத்தை மூடி ரைல்ஸ் பதிக்கிறார்கள். பல வீடுகளில் காசு வெளிநாட்டிலிருந்து வருகிறது, தீர்மானம் வட்ஸ்அப் அழைப்பில் எடுக்கப்படுகிறது, படம் மேசனின் மனதில் மட்டும் இருக்கிறது. வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்களோ எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர்.

வலிகாமத்தில் உள்ள எங்கள் பெற்றோரின் வீட்டை அண்மையில் ஒரு கட்டடக் கலைஞரின் உதவியுடன் திருத்தினோம். பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் என்றால் பெரிய ஹோட்டல்களுக்கும் வங்கிகளுக்கும் மட்டுமே உரியவர் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பழைய வீட்டைத் திருத்துவதற்குத்தான் அவருடைய தேவை இன்னும் அதிகம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், வேலை தொடங்குமுன் நாம் செய்ய வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வருடம் முழுவதும் இருப்பது யார்?

எங்களுடையது அம்மாவுக்குச் சீதனமாக வந்த நாற்சார் வீடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த கற்சுவர், பனைமரக் கைமரம், மேலே ஓடு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போன வீடு. திரும்பி வந்தபோது ஒரு மூலை இடிந்திருந்தது. அதைச் சீமெந்துக் கல்லால் அடைத்து அப்படியே வாழ்ந்தோம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் அனுப்பிய பட்டியலில் மேல்மாடி, குளிரூட்டிய இரண்டு அறைகள், மூடிய முற்றம், புதிய குசினி ஆகியவை இருந்தன. கட்டடக் கலைஞர் முதல் நாள் வந்தபோது அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு என்னிடம், “அக்கா, இந்த வீட்டிலை வருசம் முழுக்க ஆர் ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் என்றேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, “உங்களுக்கு இங்கை எது கஷ்டமாயிருக்கு அம்மா?” என்றார்.

“இரவிலை கிணத்தடியாலை சுத்தி கக்கூசுக்குப் போறதுதான் பிள்ளை கஷ்டம். முழங்கால் மடங்குதில்லை” என்றார் அம்மா. சகோதரர்களின் பட்டியலில் அது இருக்கவில்லை. பல வருடங்களாக அம்மா அதை எங்களில் ஒருவரிடமும் சொன்னதுமில்லை.

திருவிழாவுக்கு வந்து மூன்று வாரம் நிற்பவர்களின் வசதியும், மிச்சம் நாற்பத்தொன்பது வாரமும் அங்கே வாழ்பவர்களின் தேவையும் வேறு வேறு. காசு தருபவரின் பட்டியலை மேசன் அப்படியே கட்டித் தருவார். அது அவருடைய தொழில். இரண்டையும் ஒரே தாளில் வைத்து எதற்கு முதலிடம் என்று கேட்பதற்கு ஒருவர் தேவை. குடும்பத்துக்குள் இருப்பவரால் அதைக் கேட்பது கடினம். கேட்டால் மனத்தாங்கல் வரும்.

முற்றம் வீணான இடமா?

நாற்சார் வீட்டைத் திருத்துபவர்கள் முதலில் கைவைப்பது முற்றத்தில். நடுவில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்பார்கள். ஆனால், அந்த வீட்டின் அறைகள் எல்லாவற்றுக்கும் வெளிச்சமும் காற்றும் தருவது அந்த இடம்தான். வெளிச்சுவர்களில் சிறிய யன்னல்களே இருக்கும். முற்றத்தை மூடினால் பகலிலும் லைற் போட வேண்டும். காற்றாடி நிற்காமல் ஓட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சித்திரையிலும் ஆவணியிலும் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேரே நிற்கிறது. கொங்கிறீற் பிளாற் பகல் முழுவதும் அந்த வெயிலை உறிஞ்சி இரவில் அறைக்குள் விடுகிறது. ஓட்டுக்கூரையின் இடுக்குகளால் வெப்பம் வெளியேறிவிடும். பிளாற் அடித்துவிட்டு அதன்மேல் சீற் கூரையும் போட்ட வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கொடுத்த காசு அது.

இந்த இடத்தில் ஜெஃப்ரி பாவாவைச் சொல்ல வேண்டும். இலங்கையின் மிகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான அவருடைய கொழும்பு வீடு புதிதாகக் கட்டப்பட்டதல்ல. 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளில் ஒன்றில் 1958இல் தொடங்கி, மற்றவற்றையும் காலப்போக்கில் சேர்த்துக்கொண்டு அவர் திருத்தி எடுத்த வீடு அது. நெருக்கமான அந்த வீடுகளுக்குள் அவர் செய்த முக்கியமான வேலை, சிறு சிறு முற்றங்களைத் திறந்து வானத்தை உள்ளே கொண்டுவந்தது. பழைய தூண்களையும் கதவுகளையும் தேடி எடுத்துப் பயன்படுத்தினார். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் முற்றத்தை நாம் காசு கொடுத்து மூடுகிறோம்.

எங்கள் முற்றத்தை மூடவில்லை. மழைநீர் பீலியையும் வடிகாலையும் சீர்செய்து, பூனையும் திருடரும் இறங்காதபடி மேலே கம்பி வலை அடித்தோம். அவ்வளவுதான்.

பழைய சுவருக்குள் இருப்பது

1950ஆம் ஆண்டில் உருவான காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு முந்திய கல்வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். பிறகு காற்றில் விட்டு உலரும். அதன்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். இரண்டு மாரி கழிய, பூச்சுப் பொருமி உப்புப் பூத்து உதிரும். மேசன் திரும்ப வந்து இன்னும் தடிப்பாகச் சீமெந்து பூசுவார். சரியான மருந்து சுண்ணாம்புப் பூச்சுத்தான். ஆகவே, எந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது என்று சுரண்டிப் பார்த்த பின்னரே படம் வரைய வேண்டும்.

மேல்மாடி விடயமும் இப்படித்தான். ஓட்டுக்கூரையைத் தாங்கக் கட்டிய அத்திவாரம் கொங்கிறீற் தளத்தைத் தாங்கும் என்று எவரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஷெல் விழுந்து அதிர்ந்த சுவர்களில் வெடிப்பு பூச்சுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். அத்திவாரத்தை ஓரிரு இடத்தில் தோண்டிப் பார்த்து, கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் கருத்தையும் எடுக்க வேண்டும். எங்கள் விடயத்தில் பழைய சுவர்மேல் மாடி கூடாது என்பதே முடிவு. ஒரு பக்கத்தில் தனியாக எழுப்பிய புதிய பகுதிக்குள் குளியலறையும் ஓர் அறையும் வந்தன. அதன் தூண்களைப் பின்னாளில் மாடி எழுப்பக்கூடிய பலத்தில் போட்டுவிட்டோம். சகோதரர்களும் அதற்கு உடன்பட்டார்கள்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் கழற்றுபவர்கள் அதை அடித்து உடைக்கக்கூடாது. நனைத்து, முழுதாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்தானது.

கிணறும் மலக்குழியும்

வீட்டுக்குள் மலசலகூடம் கொண்டுவருவது முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால், குழி எங்கே போகிறது என்பதை அறையின் இடத்துக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. நாம் குடிப்பது சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரை. அந்தப் பாறை வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. கழிவுநீர் வடிபடாமலேயே கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி என்று வழமையாகச் சொல்வார்கள். நம் நிலத்தில் அந்தத் தூரம் மட்டும் போதாது. அடித்தளம் திறந்த குழிக்குப் பதிலாக, எல்லாப் பக்கமும் பூசிய தொட்டி கட்ட வேண்டும். பக்கத்து வளவின் கிணற்றையும் அளவெடுத்துப் படத்தில் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று பரப்புக் காணிகளாகப் பிரிந்துபோன ஊர்களில் நம்முடைய குழி அயலவரின் கிணற்றுக்குத்தான் கிட்டவாக இருக்கும்.

தாளில் இருக்க வேண்டியவை

முதலில் உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். பல வளவுகள் இன்னும் பிரிக்கப்படாத பங்குகளாகவே இருக்கின்றன. உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் கையொப்பமிட அற்றோணித் தத்துவம் தேவைப்படும். இதைச் சரிசெய்யாமல் இலட்சங்களைக் கொட்டினால், நாளைக்குச் சகோதரர்களுக்கு இடையிலான வழக்கில்தான் போய் நிற்கும்.

அடுத்தது அனுமதி. உள்வேலைதானே என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் எழுப்புவது, அறை கூட்டுவது, மாடி கட்டுவது எல்லாவற்றுக்கும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதி வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனமான பகுதிகளுக்கு அதன் விதிகளும் பொருந்தும். வேலை முடிந்ததும், அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்ற சான்றிதழைச் சபையிடம் பெற்று உறுதியோடு வையுங்கள்.

மூன்றாவது பி.ஓ.கியூ. எனப்படும் அளவுப் பட்டியல். எத்தனை சதுர அடிப் பூச்சு, எத்தனை யன்னல், என்ன தரமான மரம் என்று ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருந்தால்தான் இரண்டு ஒப்பந்தகாரர்களின் விலையை ஒப்பிட முடியும். 2022இல் சீமெந்து விலை கிடுகிடுவென ஏறியபோது பட்டியல் இல்லாத வேலைகள்தான் தகராறில் முடிந்தன. காசைக் கட்டம் கட்டமாக, முடிந்த வேலைக்குக் கொடுங்கள். பழைய வீட்டில் ஓட்டைக் கழற்றிய பின்னரே தெரியவரும் சேதங்கள் உண்டு. பத்தில் ஒரு பங்கையாவது அதற்கென ஒதுக்கி வையுங்கள்.

கட்டடக் கலைஞருக்கும் படவரைஞருக்கும் வித்தியாசம் உண்டு. சபைக்குக் கொடுக்கும் படம் மட்டும் போதுமென்றால் படவரைஞரே போதலாம். அப்போதும், அந்தப் படத்தில் கையொப்பமிடுபவருக்கு அதற்கான தகுதி உண்டா என்று கேளுங்கள். கட்டடக் கலைஞர் என்று சொல்பவரிடம் பதிவைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டணம் எவ்வளவு, அதற்குள் எத்தனை தடவை தளத்துக்கு வருவார், படத்தை எத்தனை தடவை மாற்றித் தருவார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அந்தக் கட்டணத்தைக் கேட்டதும், கோட்டுக்கும் காசா என்று நம் ஆட்கள் சொல்வார்கள். தாளில் ஒரு சுவரை அழிக்க அழிறப்பர் போதும். எழும்பிய சுவரை அழிக்கக் கூலியாட்களும் லொறியும் வேண்டும். படம் வந்ததும் அதை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் வீட்டில் இருப்பவர்களுக்கு விரித்துக் காட்டுங்கள். படுக்கையிலிருந்து மலசலகூடத்துக்கு எத்தனை அடி, இடையில் எத்தனை படி என்று அவர்களை எண்ணச் சொல்லுங்கள். மேசனைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.