பெருநாடியும் குடலும் இணைந்தால்

உயர்தர உயிரியலில் பெருநாடியை ஓர் இடத்திலும் முன்சிறுகுடலை வேறோர் இடத்திலும் படிக்கிறோம். ஆனால் நமது உடலுக்குள் அவை இரண்டும் அயலவர்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி முள்ளந்தண்டுக்கு முன்னால் கீழிறங்குகிறது. முன்சிறுகுடலின் ஒரு பகுதி அதன் முன்புறத்தைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. இவ்விரு சுவர்களும் அரிக்கப்பட்டு இடையே துவாரம் ஏற்பட்டால், பெருநாடியின் குருதி நேரே குடலுக்குள் பாயும். இதுவே பெருநாடி - குடல் பிஸ்டியூலா எனப்படுகிறது. இது மிக அரிதான நோய். எனினும் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் தப்புவது அரிது.

ஏன் ஏற்படுகிறது?

வயிற்றுப் பகுதியில் பெருநாடியின் அகலம் சாதாரணமாக ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவர் பலவீனமடைந்து அது 3 சென்ரிமீற்றரை அடைந்தால் அதை நாடி வீக்கம் என்பர். இவ்வீக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் குடலை அழுத்தி, காலப்போக்கில் அதனை அரிக்கலாம். இது முதல் வகை.

இரண்டாம் வகையே அதிகம் காணப்படுகிறது. நாடி வீக்கத்துக்காகச் செயற்கைக் குழாய் பொருத்தப்பட்டவர்களில், அக்குழாய் குடலுடன் உராய்வதாலோ அதில் கிருமி தொற்றுவதாலோ துவாரம் உண்டாகிறது. சத்திரசிகிச்சை முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் இது நிகழலாம்.

முதற் கசிவு ஓர் எச்சரிக்கை

நோயாளி சிறிதளவு இரத்த வாந்தி எடுப்பார். அல்லது மலம் தார்போலக் கறுத்துப் போகும். பின்னர் குருதி உறைந்து துவாரத்தை அடைப்பதால் கசிவு நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். ஆனால் சில மணித்தியாலங்களிலோ, நாட்களிலோ, வாரங்களிலோ பெருங்குருதிப்பெருக்கு ஏற்படலாம். இந்த இடைவெளிதான் வைத்தியர்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நிறமூட்டி ஏற்றி எடுக்கப்படும் சீ.டி. ஸ்கேன் நோயைக் கண்டறிய உதவுகிறது.

இரண்டு வழிகள்

முதலாவது, திறந்த சத்திரசிகிச்சை. வயிற்றைத் திறந்து, பெருநாடியைக் கவ்வியால் இறுக்கி, தொற்றடைந்த குழாயை அகற்றி, குடலின் துவாரத்தைத் தைத்து மூடுவர். பின்னர் கால்களுக்குக் குருதி செல்லப் புதிய பாதை வேண்டும். அதே இடத்தில் நோயாளியின் தொடை நாளத்தையோ, நுண்ணுயிர்க்கொல்லியில் தோய்த்த குழாயையோ பொருத்தலாம். அல்லது தோளருகே உள்ள நாடியிலிருந்து தோலுக்கடியில் கால்கள் வரை குழாய் கொண்டு செல்லலாம். நோயை வேரோடு அகற்றும் வழி இதுவே. ஆனால் ஏற்கனவே குருதியை இழந்து சோர்ந்த உடலுக்கு இது பெரும் சுமை.

இரண்டாவது, குருதிக்குழாயின் உள்வழியாகச் செய்யும் சிகிச்சை. தொடை நாடியினூடாக, துணி போர்த்திய மடித்த உலோக வலைக்குழாயை எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தபடி செலுத்தி, துவாரத்துக்கு நேராக விரிப்பர். நாடி வீக்கத்துக்கு இம்முறையை 1990இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் ஜுவான் பரோடி கையாண்டார். வயிற்றைத் திறக்காமலே குருதிப்பெருக்கை விரைவாக நிறுத்தலாம். ஆனால் குடலின் துவாரம் அப்படியே இருக்கும். குடற்கிருமிகள் புதிய குழாயிலும் தொற்றும். மீண்டும் குருதி கசியலாம்.

எது சிறந்தது?

800க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2016இல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. திறந்த சத்திரசிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வைத்தியசாலையிலேயே இறந்தனர். உள்வழிச் சிகிச்சை பெற்றோரில் அது பத்திலொரு பங்கிலும் குறைவு. ஆனால் நீண்டகாலத்தில் அந்த அனுகூலத்தின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

ஆகவே இவ்விரண்டும் போட்டி முறைகள் அல்ல. ஒன்று நேரத்தைப் பெற்றுத் தருகிறது. மற்றையது நோயை அகற்றுகிறது. குருதி பெருகும் அவசர வேளையில் வலைக்குழாயால் உயிரைக் காத்து, உடல் தேறியபின் திறந்த சத்திரசிகிச்சை செய்வதைப் பல நிபுணர்கள் விரும்புகின்றனர். அதைத் தாங்க முடியாத முதியவருக்கு வலைக்குழாயும் நீண்டகால நுண்ணுயிர்க்கொல்லியுமே வழியாகலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வீட்டில் பெருநாடிச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெரியவர் இருந்தால், அவருடைய நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ ஒரு தடவை கண்டாலும், "கேஸ்ட்ரைடிஸ்தானே" என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த அட்டையை முதலில் காட்டுங்கள். அரிதான இந்நோயை வைத்தியர் உடனே நினைத்துப் பார்க்க அது உதவும்.