இரண்டரை மணிக்கு உச்சிவெயில்

மதுரைச் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவனுக்கு ஐரோப்பாவில் என்ன பெரிய வெயில் இருந்துவிடப் போகிறது? இந்தத் திமிரோடுதான் ஒரு ஜூலை மாதம் தென் ஸ்பெயினின் செவில் நகரத்தில் போய் இறங்கினேன். விடுதி வரவேற்பில் இருந்த பெண் ஊர் வரைபடத்தைக் கையில் கொடுத்தார். எங்கே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, "ரெண்டு மணிக்குள்ள திரும்பிடுங்க, எட்டு மணிக்கு மேல மறுபடி கிளம்புங்க" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சிரித்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன்.

காலை எட்டு மணிக்கு ஊர் இதமாகத்தான் இருந்தது. சாண்டா குரூஸ் என்ற பழைய யூதர் குடியிருப்புக்குள் நுழைந்தேன். சில சந்துகளில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். வீடுகள் நெருக்கியடித்து நின்று ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கின்றன. சுவரெல்லாம் வெள்ளையடிப்பு. வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. அதன் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே முற்றம், பூ ஓடு பதித்த சுவர், தொட்டிச் செடிகள். ஒரு பாட்டி வாளித் தண்ணீரை முற்றத்துத் தரையில் வீசிக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். கோலம் ஒன்றுதான் பாக்கி.

தெருவோரமெல்லாம் ஆரஞ்சு மரங்கள். ஜூலையில் காய்கள் பச்சையாக இருக்கும். கீழே கிடந்த ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தேன், நார்த்தங்காய் வாசம். இது வாயில் வைக்க முடியாத கசப்பு ஆரஞ்சு. இங்கிலாந்துக்காரர்கள் மார்மலேட் செய்யத் தேடி வாங்குவது இதைத்தான். ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்குப் பெயர் 'நரான்ஹா'. அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் என்று அந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால், வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நம் நார்த்தங்காய் அந்தச் சொல்லுக்கு நெருங்கிய உறவு.

பெரிய தேவாலயத்தை ஒட்டி நிற்கும் ஹிரால்டா கோபுரம், 12ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய பள்ளிவாசல் மினாராக இருந்தது. மணிக்கூண்டு பின்னால் சேர்ந்தது. ஏறுவதற்குக் கடைசியில் சில படிகள் தவிர, படிகள் கிடையாது. சரிவுப் பாதை, மொத்தம் 35. பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போகட்டும் என்று அப்படிக் கட்டினார்களாம். எனக்கு மூட்டுவலி உண்டு. யோசித்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்!

பன்னிரண்டு மணிவாக்கில் சியெர்பெஸ் கடைத்தெரு. கோடையில் இந்தத் தெருவுக்கு மேலே கூரைக்குக் கூரை நீளத் துணிகளை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். 'தோல்தோ' என்று பெயர். நம் பாஷையில் பந்தல். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போடுகிற பந்தலை ஒரு தெருவுக்கே போட்டால் எப்படியிருக்கும், அப்படி. அடியில் நடந்தால் வெளிச்சம் இருக்கிறது, சுள்ளென்ற சூடு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கஸ்பாச்சோ. தக்காளி, வெள்ளரி, பூண்டு, ஊறவைத்த ரொட்டி, வினிகர், ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்து, குளிர்ச்சியாகத் தருகிறார்கள். வயலில் வேலை செய்தவர்களின் சாப்பாடு இது. நீராகாரம் குடித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இரண்டு மணிக்கு மேல் பல கடைகளில் ஷட்டர் இறங்கியது. ஊர் அடங்கிவிட்டது. நானும் அறைக்குப் போய்ப் படுத்தேன். நம்மூர்க் கணக்கில், ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று கிளம்பினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

செவில் இருப்பது கிரீன்விச்சுக்கு மேற்கே. சூரியக் கணக்கில் அது லண்டனுக்கும் பிந்திய ஊர். ஆனால் 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனி நேரத்துக்குக் கொண்டுபோனது. திரும்ப மாற்றவே இல்லை. கோடைக்கு இன்னொரு மணி நேரம் கூடும். ஆக, ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் இரண்டரை மணிக்கு. நான் ஐந்து மணிக்குக் கிளம்பியது, நம்மூரில் மூன்று மணிவாக்கில் கிளம்பியதற்குச் சமம்!

போய்ச் சேர்ந்த இடம், 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தே எஸ்பான்யா சதுக்கம். அழகின் உச்சம். அந்த நேரத்தில் அது அரைவட்டமாக வெட்டிய தோசைக்கல். வழியில் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் 43 என்று எண் மின்னியது. வியர்வை வந்ததே தெரியவில்லை. வறண்ட காற்று அதற்குள் குடித்துவிடுகிறது. உதடு உப்புக் கரித்தபோதுதான் பயம் வந்தது. எதிரே இருக்கும் மரியா லூயிசா பூங்காவின் மரங்களுக்குள் ஓடி, குழாயடியில் தலையைக் கொடுத்தேன். இந்த ஊர் விமான நிலையத்தில் 1995 ஜூலையில் 46.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. நாம் புயலுக்குப் பெயர் வைக்கிறோம். இவர்கள் 2022இல் ஒரு வெப்ப அலைக்கே 'சோயி' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் வைத்தால்தான் ஜனங்கள் பயப்படுவார்கள் என்ற கணக்கு.

எல்லோருக்கும் மதியத் தூக்கம் வாய்த்துவிடவில்லை. நான் ஓடிய அந்த வெறிச்சோடிய தெருவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு சைக்கிள் மிதித்த பையன்கள்.

ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, 1852இல் திறந்த இரும்புப் பாலத்தைக் கடந்து த்ரியானா பேட்டைக்குப் போனேன். கீழே குவாதல்கிவிர் ஆறு. 'பெரிய ஆறு' என்று அரபுக்காரர்கள் வைத்த பெயர்தான் இப்படித் திரிந்திருக்கிறது. அக்கரையில் பாட்டிகள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து, விசிறியைப் படக்கென்று விரிப்பதும் மடக்குவதுமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கும் பிள்ளைகள் பந்து உதைத்தார்கள், யாரும் அதட்டவில்லை.

போகிறவர்கள் ஏப்ரலில் போங்கள், ஆரஞ்சுப் பூ வாசமாவது கிடைக்கும். ஜூலையில்தான் லீவு கிடைக்கிறது என்றால், விடுதிப் பெண் சொல்வதைக் கேளுங்கள்.