கள் புளிப்பது ஏன்?

லிங்கி ஆற்றை அடுத்த நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்குப் புளிப்பு என்பது புதிய செய்தியன்று. காலையில் மங்கில் வடிந்த ரப்பர்ப் பாலை நேரத்தில் எடுக்காவிட்டால் அது தானே திரிந்து கட்டியாகிவிடும். பாலில் புகுந்த கிருமிகள் அதிலுள்ள சத்தைத் தின்று அமிலத்தை உண்டாக்குவதே காரணம். அதைத் தடுக்கச் சிறிது அமோனியா சேர்ப்பார்கள். அதே தொழிலாளி மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு குவளை வாங்கி முகம் சுளித்தால், அங்கும் நடந்திருப்பது ஏறக்குறைய இதே கதைதான்.

தென்னம்பாளையைச் சீவியதும் வடியும் சாற்றில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உண்டு, புளிப்பு இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராக இனித்தே இருக்கும். சுண்ணாம்பின் காரம் கிருமிகளுக்கு ஆகாது. பால் வாளியில் அமோனியா செய்யும் வேலையை இங்கே சுண்ணாம்பு செய்கிறது.

சுண்ணாம்பு இல்லையேல், சாறு கலயத்தில் சொட்டும்போதே மூவகை உயிர்கள் அதில் குடியேறுகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளான் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது; நுரை பொங்குவது இதனாலேயே. லாக்டிக் அமிலக் கிருமிகள் அதே சர்க்கரையிலிருந்து தயிரின் புளிப்பைத் தருகின்றன. மூன்றாவது கூட்டந்தான் கள்ளைக் கெடுப்பது. காற்றிலுள்ள பிராணவாயுவின் துணைகொண்டு, ஈஸ்ட் ஆக்கிய ஆல்கஹாலையே இது அசெட்டிக் அமிலமாக, அதாவது காடியாக, மாற்றிவிடுகிறது.

புளித்த கள்ளுக்கே 'வேகம்' அதிகம் என்று சொல்வோர் உண்டு. முதல் சில மணி நேரத்துக்கு இது பொய்யன்று. புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தே ஏறுகின்றன. நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை ஆல்கஹால் சேரக்கூடும். அதன் பின்னரோ புளிப்பு ஏற ஏற ஆல்கஹால் குறைகிறது. மூக்கைத் துளைக்கும் புளித்த கள்ளுக்குக் கூலிப் பணத்தைக் கொடுத்தவன், போதைக்கு விலை கொடுத்துக் காடியை வாங்கியவனாகிறான்.

தோட்டத்து நிலைமையும் காடிக் கிருமிக்கே சாதகமாக இருந்தது. காலையில் இறக்கிய கள், வேலை முடிந்து ஆட்கள் வரும் மாலைவரை வெப்பத்தில் காத்திருக்க வேண்டும். நேற்றைய மிச்சத்தை இன்றைய கள்ளோடு கலப்பது, மோரை ஊற்றிப் பாலை உறையிடுவது போன்றது. மரப்பீப்பாயின் இடுக்குகளிலோ கழுவினாலும் கிருமி தங்கும். கள்ளுக்கடையின் மீது தோட்ட மக்களுக்கு இருந்த கசப்புக்குப் புளிப்பு மட்டும் காரணமன்று என்பது வேறு செய்தி. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று.

தானியத்தை முளைகட்டிச் செய்யும் பீருக்கும் இந்தப் பகைவர்கள் உண்டு. அம்முறை தமிழருக்கு அந்நியமன்று. அரிசிக் களியை ஆற்றி, முளை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்த மதுவைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. பீர் கெடுவதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ச்சர் 1876-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆயினும் பீருக்குக் காவல் அதிகம். தானியச் சாற்றைக் கொதிக்கவைக்கிறார்கள். ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவைச் சேர்க்கிறார்கள். அந்தக் கசப்பு லாக்டிக் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அடக்கிவிடுகிறது. தப்பிப் பிழைக்கும் சிலவே பீரைப் புளிக்கவைத்து வெண்ணெய் வாடை வீசச் செய்கின்றன. கிருமியே இல்லாத புட்டியிலும், உள்ளே தங்கிய காற்று நாளடைவில் நனைந்த அட்டையின் வாடையைத் தரும். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தகத்தோடு கூடி நாறும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியின் பயன் அங்கேதான்.

கள்ளுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. கொதிக்கவைத்தால் ஈஸ்ட் மாண்டுபோகும். சுண்ணாம்பிட்டால் கள்ளே ஆகாது. எனவே கலயத்தைக் கழுவுவதும், மூடி நிழலில் வைப்பதும், அன்றே விற்றுத் தீர்ப்பதும் தவிர வேறு வழியில்லை. தீராமல் எஞ்சியதும் வீணன்று. சில வாரம் காற்றுப்பட வைத்தால் அது நல்ல தென்னங்காடியாகும். இலங்கையிலும் கேரளத்திலும் அதை விரும்பி ஊறுகாயிலும் கறியிலும் சேர்க்கிறார்கள்.