மது, புகையிலை வரிகளும் சாமானியரின் சட்டைப்பையும்

வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் மக்கள் முதலில் தேடிப் படிக்கின்ற செய்திகளுள் மதுபானம், சிகரட் ஆகியவற்றின் விலை பற்றியதும் ஒன்றாகும். அரிசி, கோதுமை மா, பால்மா, எரிபொருள் என்பவற்றின் விலை உயர்ந்தால் நாடெங்கும் கண்டனக் குரல் எழுகின்றது. மதுவினதும் சிகரட்டினதும் விலை உயர்ந்தாலோ, குடிப்பவரும் புகைப்பவரும் கொடுக்கட்டும் என்று கூறிவிட்டு நாம் அப்பால் சென்றுவிடுகின்றோம். எவரும் எதிர்த்துக் குரலெழுப்பாத வரி என்பதால் ஆட்சியாளர்களுக்கும் இது மிக வசதியானதாகிவிட்டது. எனினும், அந்த மேலதிக ரூபாக்கள் யாருடைய சட்டைப்பையிலிருந்து வருகின்றன, அவ்வீட்டில் வேறு எந்தச் செலவு அதனால் வெட்டப்படுகின்றது, கிடைக்கின்ற வருமானம் எங்கே செல்கின்றது என்ற வினாக்கள் எவராலும் எழுப்பப்படாமலேயே இருந்து வருகின்றன. அவற்றை ஆராய்வதே இங்கு எமது நோக்கமாகும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் இவ்வரிகள் மீண்டும் மீண்டும் உயர்த்தப்பட்டு வந்துள்ளன. 2023 ஜனவரி மாதத்தில் மதுபானத்துக்கும் சிகரட்டுக்குமான தீர்வை 20 வீதத்தினால் அதிகரிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் கடனுதவித் திட்டம் அங்கீகரிக்கப்பட்டதன் பின்னர், அரச வருமானத்தைப் பெருக்குவது தவிர்க்க முடியாத நிபந்தனையாயிற்று. 2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது மதுவரியும் மீண்டும் கூட்டப்பட்டது. 2025 ஜனவரியில் இன்னுமொரு 6 வீத அதிகரிப்பு அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே பொருளின் மீது இத்தனை தடவைகள் கை வைக்கப்பட்டமை, திறைசேரி இவ்வருமானத்தில் எந்தளவு தங்கியிருக்கின்றது என்பதைப் புலப்படுத்துகின்றது.

இவ்வரி எவ்வாறு விதிக்கப்படுகின்றது என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. சிகரட்டுக்கான தீர்வை அதன் விலையின் வீதமாக அன்றி, ஆயிரம் சிகரட்டுக்கு இத்தனை ரூபா என்ற அடிப்படையில், சிகரட்டின் நீளத்துக்கேற்பப் பல படிகளாக நிர்ணயிக்கப்பட்டு வந்துள்ளது. நீளம் குறைந்த சிகரட்டுக்குக் குறைந்த வரியும் நீளமானதற்குக் கூடிய வரியும் விதிக்கப்படுகின்றன. அதன் மீது பெறுமதிசேர் வரியும் சேர்கின்றது. சாராயத்துக்கும் பியருக்கும் அவற்றிலுள்ள மதுசாரத்தின் அளவே அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது. 2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இம்முறை முன்வைக்கப்பட்டபோது பியருக்கான வரி குறைந்ததும், அது இளைஞர்களைக் குடிப்பழக்கத்துக்கு இழுத்துச் செல்லும் எனச் சுகாதாரத் துறையினர் எதிர்ப்புத் தெரிவித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம்.

இத்தனை ரூபா என நிலையாக விதிக்கப்படும் வரிக்கு ஒரு பலவீனம் உண்டு. பணவீக்கம் ஏறும்போது அவ்வரியின் உண்மையான பெறுமதி தேய்ந்துவிடுகின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டிருந்தது. அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் இரு மடங்காகி நிற்கையில் சிகரட்டின் வரி மட்டும் அதே ரூபாவில் நின்றால், ஏனைய பொருட்களோடு ஒப்பிடுகையில் சிகரட் மலிந்துவிட்டது என்பதே அதன் பொருளாகும். ஆகவே 20 வீதம் கூட்டப்பட்டது என்ற செய்தியைக் கண்டவுடன் அரசாங்கம் புகைப்போர் மீது கடுமையாக நடந்துகொண்டது என எண்ணிவிட முடியாது. இழந்ததில் ஒரு பகுதியை மட்டுமே அது மீளப் பெற்றுக்கொண்டது.

விலை கூடினால் நுகர்வு குறையுமா என்ற வினாவுக்கு உலகெங்கும் ஆய்வுகள் விடை கண்டுள்ளன. சிகரட்டின் விலை 10 வீதத்தினால் உயரும்போது, எம்மைப் போன்ற குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் அதன் நுகர்வு ஏறத்தாழ 5 வீதத்தினால் குறைகின்றது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வருகின்ற கணிப்பாகும். குறிப்பாக, இன்னும் பழக்கத்துக்கு அடிமையாகாத இளைஞரும் வருமானம் குறைந்தோருமே முதலில் பின்வாங்குகின்றனர். 2003 ஆம் ஆண்டு இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய புகையிலைக் கட்டுப்பாடு தொடர்பான சர்வதேச சமவாயத்தின் ஆறாவது உறுப்புரையும் விலை, வரி நடவடிக்கைகளையே வலியுறுத்துகின்றது.

ஆயினும் இக்கணிப்பின் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். விலை 10 வீதம் கூடுகையில் நுகர்வு 5 வீதமே குறைகின்றது என்றால், தொடர்ந்து புகைப்பவரின் மொத்தச் செலவு முன்னரிலும் கூடுகின்றது என்பதே கணக்காகும். கணக்கின் வசதிக்காக ஒரு சிகரட்டின் விலை 100 ரூபா என வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து சிகரட் புகைக்கும் ஒருவர் மாதத்துக்கு 15,000 ரூபாவைப் புகையாக்குகின்றார். பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என 2024 இல் நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தைப் பெறும் ஒருவருக்கு இது பதினொரு நாட்களின் உழைப்பாகும். மாலையில் தவறணைக்குச் செல்லும் வழக்கமும் சேர்ந்துவிட்டால் மீதமிருப்பது எவ்வளவு? வரி கூடிய மாதத்தில் அந்தக் குடும்பத் தலைவர் தமது பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளாவிடின், பிள்ளையின் பால்மாவும் அப்பியாசக் கொப்பியும் மனைவியின் மருந்துமே குறைக்கப்படுகின்றன. வரியைச் செலுத்துபவர் புகைப்பவர் எனச் சட்டம் கூறினாலும், உண்மையில் அதனைச் செலுத்துவது அவ்வீட்டின் சமையலறையாகும். எமது நாட்டில் புகைக்கும் பெண்கள் மிகச் சிலரே என்பதை எண்ணும்போது, இச்சுமையின் அநீதி மேலும் தெளிவாகின்றது.

சில்லறைக் கடைகளில் சிகரட்டைத் தனித்தனியாக விற்கும் வழக்கமும் இங்கு கவனத்துக்குரியது. முழுப் பெட்டியை வாங்க வேண்டியிருந்தால் விலை உயர்வு ஒரேயடியாகக் கையைச் சுடும். ஒற்றைச் சிகரட் வாங்குபவருக்கோ அது ஐந்து ரூபா, பத்து ரூபா வித்தியாசமாகவே தெரிகின்றது. பெட்டியின் 80 வீதமான பரப்பில் அச்சிடப்பட்டுள்ள எச்சரிக்கைப் படங்களும் அவரது கண்ணில் படுவதில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு இவற்றை விற்பதைத் தடை செய்கின்றது. எனினும், ஒற்றைச் சிகரட் விற்கும் பெட்டிக்கடையில் வயதைக் கேட்பவர் எத்தனை பேர்?

வரியை உயர்த்துவதற்கு எதிராக முன்வைக்கப்படும் பிரதான வாதம், மக்கள் சட்டவிரோதப் பொருட்களை நாடுவர் என்பதாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. சாராயப் போத்தலின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றபோது கசிப்புக் காய்ச்சுவோர் பெருகினர் என்பதைக் கிராமங்களில் வாழ்வோர் நன்கறிவர். எதனைக் கலந்து வடித்தார்கள் எனத் தெரியாத அத்திரவம் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கவல்லது. சிகரட்டை வாங்க இயலாதவர் பீடிக்கு மாறுகின்றார். சிகரட்டுக்குரிய வரிச்சுமை பீடிக்கு இல்லை. பீடி இலைக்கு இறக்குமதி வரி உண்டு என்றாலும், இந்தியாவிலிருந்து கடல் வழியாகக் கடத்தி வரப்படும் பீடி இலை மூடைகளை மன்னார், கற்பிட்டிக் கரையோரங்களில் கடற்படையினர் கைப்பற்றும் செய்திகள் வாடிக்கையாகிவிட்டன. பிடிபடாமல் கரை சேர்வது எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் இவ்வாதத்தைச் செவிமடுக்கும்போது அதனை உரத்துக் கூறுபவர் யார் என்பதையும் கவனித்தல் அவசியம். தமது விற்பனை குறைவதை விரும்பாத உற்பத்தியாளர்களே இதில் முன்னணியில் நிற்கின்றனர். கசிப்பை ஒழிக்க மலிவு விலையில் சட்டபூர்வ மதுவை அறிமுகப்படுத்தலாம் என்ற யோசனையும் அவ்வப்போது பேசப்படுகின்றது. கசிப்பு, சாராயம் மலிவாக இருந்த காலத்திலும் இருந்தது. வரி குறைவதால் அது மறைந்துவிடப் போவதில்லை. கடத்தலும் கள்ள மதுவும் சட்டத்தை அமுல்படுத்துவதிலுள்ள குறைபாட்டின் விளைவுகளாகும். அவற்றுக்கான பரிகாரம் மதுவரித் திணைக்களம், பொலிஸ், சுங்கம் ஆகியவற்றைச் சீர்செய்வதேயன்றி, பொதுமக்களுக்கு மலிவு விலையில் மதுவை ஊற்றிக் கொடுப்பதன்று.

அரசின் இரட்டைப் போக்கையும் நாம் சுட்டிக்காட்டாதிருக்க முடியாது. ஒருபுறம் மக்களின் நலனுக்காகவே வரியைக் கூட்டுவதாகக் கூறப்படுகின்றது. மறுபுறம், 2024 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட 300 இற்கும் அதிகமான மதுபான விற்பனை அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. போரினால் அனைத்தையும் இழந்து மீண்டெழ முயலும் கிளிநொச்சி மாவட்டத்துக்கும் அதில் பங்கு கிடைத்திருந்தது. இது வட பகுதியில் பெரும் அதிர்ச்சியையும் அரசியல் சர்ச்சையையும் தோற்றுவித்தது. பாடசாலைக்கும் கோயிலுக்கும் அருகில் மதுக்கடை வேண்டாமென மக்கள் வீதியில் இறங்கிப் போராட, கொழும்பில் அனுமதிப்பத்திரம் அரசியல் சன்மானமாகக் கைமாறுமாயின், வரியினால் நுகர்வைக் குறைக்கின்றோம் என்ற கூற்றை எவ்வாறு நம்புவது? மது உற்பத்தி நிறுவனங்கள் சில கோடிக்கணக்கான ரூபா வரியை நிலுவையாக வைத்திருந்தமையும் பகிரங்கமான விடயமாகும். நுகர்வோர் போத்தலை வாங்கும்போதே தமது வரியைச் செலுத்திவிடுகின்றார். அது திறைசேரிக்குச் சென்றடையாமல் இடைநடுவில் தங்கிவிடுவது எவ்வகையிலும் நியாயமன்று.

மதுவிலக்கு எமது மக்களுக்குப் புதியதொன்றல்ல. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. இஸ்லாமிய மார்க்கம் மதுவை முற்றாக விலக்கியுள்ளது. 1912 இல் பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த மதுவரிச் சட்டத்தின் கீழ் தவறணைகள் பெருகியபோது நாடு தழுவிய மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. ஆனால் இன்று எமது நிலை யாது? மதுவைத் தீண்டாத முஸ்லிம் கிராமங்களிலும் சிகரட் சர்வசாதாரணமாகிவிட்டது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி நிலவுகின்றது. இலங்கையில் ஆண்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். நாட்டின் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களினால் ஏற்படுகின்றன. இந்நோயாளருக்கான சிகிச்சைச் செலவை இலவச சுகாதார சேவையின் ஊடாக, புகைக்காதவரும் குடிக்காதவரும் சேர்ந்தே சுமக்கின்றனர்.

இந்நிலையில் வரியைக் குறைக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடன்று. வரி இருக்க வேண்டும். அது பணவீக்கத்துக்கும் மக்களின் வருமான அதிகரிப்புக்கும் ஏற்ப ஆண்டுதோறும் ஒழுங்காக உயரவும் வேண்டும். சிகரட்டின் நீளத்துக்கொரு வரி என்ற முறை, மலிவான வகைக்கு மாறிப் பழக்கத்தைத் தொடர வழிவிடுகின்றது. அவ்வேறுபாட்டை ஒழித்து, பீடியையும் அதே வலைக்குள் கொண்டுவருதல் வேண்டும். ஒற்றைச் சிகரட் விற்பனை தடை செய்யப்பட வேண்டும். புதிய மதுக்கடை அனுமதிகள் பிரதேச மக்களின் இணக்கமின்றி வழங்கப்படலாகாது.

இவையனைத்தையும் விட முக்கியமானது, திரட்டப்படும் பணத்தில் ஒரு பங்கு அதனைக் கொடுத்த மக்களுக்கே திரும்புவதாகும். பழக்கத்தை விட விரும்பும் தோட்டத் தொழிலாளி, மீனவர், முச்சக்கர வண்டிச் சாரதி ஆகியோருக்கு அருகிலுள்ள அரச வைத்தியசாலையில், தமது தாய்மொழியில், ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். புகையிலையை நம்பி வாழ்ந்து வந்த யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கு மாற்றுப் பயிருக்கான நீரும் கடனும் சந்தையும் உறுதிசெய்யப்பட வேண்டும். 2020 ஆம் ஆண்டுக்குள் புகையிலைச் செய்கையை நிறுத்துவதாக அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தது வெறும் அறிவிப்பாகவே முடிந்ததற்கு, அத்தகைய மாற்று வழி காட்டப்படாமையும் ஒரு காரணமாகும்.

அடிமையானவனிடமிருந்து பணம் அறவிடுவது எந்த அரசுக்கும் எளிது. அவன் விடுபட உதவுவதற்கு அக்கறையும் திட்டமும் தேவை. விடுபடுவோர் தொகை பெருகும்போது இவ்வரி வருமானம் குறையும் என்பதும் உண்மையே. அக்குறைவை ஓர் இழப்பாகக் கருதாது, வைத்தியசாலைகளிலும் வீடுகளிலும் மிச்சமாகும் செல்வமாகக் கணக்கிட நிதியமைச்சு முன்வர வேண்டும். அடுத்த விலை உயர்வை அறிவிப்பதற்கு முன்னராவது, இதுவரை அறவிட்ட தொகையில் எவ்வளவு மக்களின் சுகாதாரத்துக்கும் மறுவாழ்வுக்கும் செலவிடப்பட்டது என்பதை உரியவர்கள் நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.