இக்னாத்தியுஸ் என்னும் பெயர்: சொல்மூலமும் ஏற்றிய பொருளும்

புனிதர் பெயர்களுக்குப் பொருளுரைக்கும் கையேடுகள் பல, ‘இக்னாத்தியுஸ்’ என்பதற்கு ‘நெருப்பு போன்றவர்’ என்று பொருள் தருகின்றன. இலத்தீனில் ‘இக்னிஸ்’ என்பது நெருப்பு. வடமொழி ‘அக்னி’யோடு ஓரினமான சொல். ஒலி, பொருள் இரண்டும் இத்துணை எளிதாகப் பொருந்துவதே ஐயத்திற்கு இடந்தருகிறது.

இப்பெயரின் பழைய வடிவம் ‘எக்னாத்தியுஸ்’ என்பதாகும். அது இயற்பெயரன்று, குலப்பெயர். கி.மு. 295இல் சென்டினும் போர்க்களத்தில் உரோமரை எதிர்த்து மாண்ட சாம்னியத் தலைவன் கெல்லியுஸ் எக்னாத்தியுஸ் இப்பெயருடையவன். சாம்னியர் பேசியது இலத்தீனன்று, அதன் கிளைமொழி உறவுடைய ஆஸ்கன். ஆதலின் இலத்தீன் வேர்ச்சொல்லைக் கொண்டு இப்பெயரை விளக்குவதற்கு அடிப்படை இல்லை.

எகரம் இகரமானது எவ்வாறு? இலத்தீனில் ‘க்ன்’ என்னும் மெய்ம்மயக்கத்திற்கு முன் எகரம் இகரமாகத் திரிதல் இயல்பு. ‘தகும்’ எனப் பொருள்படும் ‘தெக்கெத்’ என்பதன் வேரிலிருந்தே ‘திக்னுஸ்’ (தகுதியுடைய) பிறந்தது. அயல்வழிப் பெயராகிய எக்னாத்தியுஸ் இத்திரிபுக்கு உட்படாது நின்று, பிற்காலத்தில் ‘இக்னிஸ்’ என்பதன் ஈர்ப்பால் இகரம் பெற்றது எனலாம். மக்கள் வழக்குச் சொற்பிறப்பு இங்கே பொருளை மட்டுமன்றி வடிவத்தையும் மாற்றிவிட்டது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாக இறந்த அந்தியோக்கு ஆயர் இக்னாத்தியுஸ், தம் கிரேக்க மடல்களில் தம்மைத் ‘தெயோபோரொஸ்’ (இறைவனைத் தாங்கியவர்) என்றே கூறிக்கொள்கிறார். நெருப்பைப் பற்றிய குறிப்பு அப்பெயரில் இல்லை. ஆனால் சிரியாக் மரபு அவரை ‘நூரோனோ’, அதாவது நெருப்பினர் என அழைக்கிறது. பிழையான சொற்பிறப்பு ஒன்று, வேறொரு மொழியில் வழிபாட்டுப் பெயராகவே நிலைபெற்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

1491இல் பிறந்த லொயோலாவின் கதை இன்னும் விந்தையானது. அவருக்கு இட்ட பெயர் ‘இனிகோ’. பாஸ்க்கு மொழியின் ‘எனெக்கோ’ என்பதன் வழிவந்தது. அதனை ‘என் சிறுவன்’ எனப் பொருள்கொள்வோர் உளர். பாரிசில் பயின்ற காலத்தில் அவர் இக்னாத்தியுஸ் என்று எழுதத் தொடங்கினார். எனவே இது பெயர்த்திரிபு அன்று, பெயர்மாற்றம். இரண்டிற்கும் உள்ளது ஒலியொப்புமை மட்டுமே.

தமிழில் வழங்கும் ‘இன்னாசி’ போர்த்துக்கீசிய ‘இனாசியு’வோடும், ‘இஞ்ஞாசியார்’ திருச்சபை இலத்தீனின் ஞகர ஒலிப்போடும், ‘இக்னேஷியஸ்’ ஆங்கிலத்தோடும் பொருந்துகின்றன. கொன்ஸ்தாந்த்சோ பெஸ்கி ‘தைரியநாதர்’ ஆனது எளிது. அவர் பெயரின் மூலமாகிய ‘கொன்ஸ்தான்ஸ்’ (நிலைபேறுடைய) இலத்தீனில் இன்றும் வெளிப்படையான சொல். இக்னாத்தியுஸ் அத்தகையதன்று. அதனை ‘அக்கினிநாதர்’ எனப் பெயர்ப்பவர் பெயரை மொழிபெயர்க்கவில்லை; பெயர்மேல் ஏற்றிய உரையையே மொழிபெயர்க்கிறார். சிரியாக் மூலத்தைப் பெயர்க்குங்கால் அதுவே சரி. இலத்தீன் மூலமாயின், தமிழர் நாவில் பழகிய இன்னாசியோ இஞ்ஞாசியாரோ போதும்.