எலக்ட்ரிக் குக்கரில் சோறு: 'எர்த்' இல்லாவிட்டால் உயிருக்கே உலை!

பழவேற்காடு ஏரிக்கரை தாய்மார்கள் கவனிக்க

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது சுண்ணாம்புக்குளம். பழவேற்காடு ஏரிக்கரை ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே வானத்துக்கு ராக்கெட் போகிறது. இந்தப் பக்கம் மீனவர் வீடுகளில் எலக்ட்ரிக் குக்கரில் சோறு வேகிறது.

ராக்கெட் விடுகிற காலத்தில் குக்கர் என்ன பெரிய அதிசயமா என்று கேட்கலாம். அதிசயம் இல்லைதான். ஆனால் குக்கருக்குப் பின்னால் தொங்குகிற ஒயரில் ஒரு குடும்பத்தின் உயிரும் தொங்குகிறது. அதுதான் சேதி.

விடியும் முன்னே ஓட்டம்

மீனவர் வீட்டில் பொழுது விடிந்த பிறகு அடுப்பு மூட்டினால் கதை ஆகாது. இறால், நண்டு, மடவை என்று வலையில் விழுந்ததை கூடையில் அள்ளிக்கொண்டு தாய்மார்கள் சந்தைக்கு ஓட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற பெண்களோ, வேன் வருவதற்குள் சமையலை முடித்தாக வேண்டும். 'அடுப்பை பாத்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லாவிட்டால் சிக்கல்தான்.

சவுக்கு மிலாரும் வேலிக்காத்தான் விறகும்தான் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து எரிபொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர விறகை ஊதி ஊதி கண் சிவந்துவிடும். பிறகு கேஸ் வந்தது. ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் குக்கர். அரிசியைக் கழுவிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டினால் போதும். விசில் எண்ண வேண்டாம். கஞ்சி வடிக்க வேண்டாம்.

மனைவி செய்த சோதனை

இந்தப் பெட்டி பிறந்தது ஜப்பானில். அங்கே சிறு பட்டறை வைத்திருந்த மினாமி என்பவரிடம், தானாக நிற்கிற சோற்றுப் பானை செய்யும் வேலையை தோஷிபா கம்பெனி ஒப்படைத்தது. அவர் மனைவி ஃபுமிகோ திரும்பத் திரும்ப சோறு பொங்கி, எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று அளந்து பார்த்தார். 1955ல் குக்கர் கடைக்கு வந்தது. ஒரு குடும்பத்துப் பெண்ணின் உழைப்புதான் உலகத்துக்கே போயிற்று.

1980களின் கடைசியில் அது ஏரிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. பொன்னேரி வட்டம் சோழவரத்தில், ஜப்பான் கம்பெனி கூட்டுடன் எலக்ட்ரிக் குக்கர் தொழிற்சாலை ஏற்பட்டது. துபாய், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த சாமான், நம் ஊர் கடையிலேயே கிடைக்க ஆரம்பித்தது.

'டக்' சத்தத்தின் ரகசியம்

சோறு வெந்ததும் 'டக்' என்று சுவிட்ச் மேலே எழும்பும். குக்கருக்கு எப்படித் தெரிகிறது? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் இருக்கிற வரைக்கும் பானையின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு கிடுகிடுவென ஏறும். அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனதும் அதன் பிடிப்பு விட்டுப் போகிறது. உடனே ஸ்பிரிங் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான் சமாசாரம்.

அதனால்தான் பானையின் அடிப்புறம் துடைத்த மாதிரி இருக்க வேண்டும். ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் பானை சரியாக உட்காராது. சோறு பாதியில் நிற்கும், அல்லது அடி பிடிக்கும்.

ரேஷன் புழுங்கல் அரிசி என்றால் அரை மணி ஊற வைத்து, ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைக்கலாம். பச்சரிசிக்கு இரண்டு போதும். மேல் தட்டில் முட்டையோ உருளைக்கிழங்கோ வைத்தால் அதே ஆவியில் வெந்துவிடும். மீன் குழம்பு மட்டும் பழையபடி அடுப்பில், மண் சட்டியில்தான். 'இண்டக்ஷன்' அடுப்பு வாங்கியவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது இரும்பு கலந்த பாத்திரத்தில்தான் வேலை செய்யும். மண் சட்டியும் சாதா அலுமினிய தேக்சாவும் அதில் சூடே ஆகாது.

கரண்ட் பில் எகிறுமா?

'குக்கர் வாங்கினா பில்லு எகிறும்' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். சாதாரண குக்கர் 700 வாட். அரை மணி ஓடினால் 0.35 யூனிட். இரண்டு வேளை பொங்கினால் 0.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு 42 யூனிட். தமிழ்நாட்டில் 2016ல் அறிவித்தார்களே, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று, அந்த 100 யூனிட்டில் இது பாதிக்கும் குறைவு. இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். முழு சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் காலி.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வந்தால், கிடைக்கிற சூடு ஏறக்குறைய பாதிதான். அரை மணியில் ஆகிற சோறு ஒரு மணி நேரம் இழுக்கும். குக்கர் ரிப்பேர் என்று நினைத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பக்கத்து வீட்டு பல்பு மங்கலாக எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா வீட்டிலும் அதே கதை என்றால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். 2021ல் தொடங்கிய 'மின்னகம்' இதற்குத்தான்.

எமன் எங்கே இருக்கிறான்?

இனிதான் முக்கிய விஷயம். ஏரிக்கரை காற்றில் உப்பு. ஆணி, தகரம், கம்பி எதுவானாலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். குக்கரின் அடித்தகடும் அப்படித்தான், உள்ளே இருக்கிற ஒயர் முடிச்சும் அப்படித்தான். ஒயர் தேய்ந்து தகரத்தில் பட்டால் குக்கர் முழுக்க கரண்ட் பாயும். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மீன் கழுவிய ஈரக் கை. செருப்பில்லாத கால். தண்ணீர் சிந்திய தரை. அந்த நிலையில் குக்கரைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

'ப்யூஸ் இருக்கே, போயிடுமே' என்று நினைக்கலாம். அது தப்புக் கணக்கு. குக்கரே 3 ஆம்பியர் இழுக்கிறது. அதற்குத் தாங்குகிற ப்யூஸ், ஆள் உடம்பில் பாய்கிற கரண்டுக்குப் போகாது. ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம். ப்யூஸ் காப்பது ஒயரை. ஆளை அல்ல.

ஆளைக் காப்பது 'எர்த்'. பிளக்கில் மேலே தடியாக, நீளமாக இருக்கிறதே ஒரு பின், அதுதான் அந்தக் காவல்காரன். ஓட்டையில் முதலில் நுழைவதற்காகவே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பின்னை உடைத்து எறிந்துவிட்டு இரண்டு பின்னில் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக்கையே வெட்டிவிட்டு, ஒயரை தீக்குச்சியால் குத்தி நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது சோறு பொங்குகிற வழி இல்லை. சுடுகாட்டுக்குப் போகிற வழி.

செய்ய வேண்டியது என்ன?

வீட்டு எர்த் குழாய் உயிரோடு இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். உப்பு மண்ணில் இரும்புக் குழாய் அரித்துப் போயிருக்கலாம். மீட்டர் பக்கத்தில் 'ஆர்.சி.சி.பி.' என்ற சுவிட்ச் பொருத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் கரண்டை நிறுத்திவிடும். இண்டக்ஷன் அடுப்பை 15 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். பானையைத் தூக்கும் முன் சுவிட்சை அணையுங்கள். வெளிப்பெட்டியைத் தண்ணீரில் முக்கிக் கழுவவே கூடாது.

விறகடுப்பையும் ஒரேயடியாக இடித்துவிட வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிச்சாங் புயல். இரண்டிலும் திருவள்ளூர் மாவட்டத்தில் கரண்ட் போய் ஜனங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். கரண்ட் இல்லாத நாளில் குக்கர் வெறும் தகர டப்பாதான்.

கல்யாணச் சீரில் இப்போது பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் குக்கரும் உட்கார்ந்திருக்கிறது. பெண்ணுக்குக் குக்கர் வாங்கிக் கொடுக்கிற அப்பா, அம்மா, மாமன்மார்கள் இன்னொரு காரியமும் செய்யலாம். பெண் போய் வாழப்போகிற வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் செலவையும் சீரில் சேர்த்துக் கொடுங்கள்.